காக்காவுக்கு நான் அனுப்பிய கட்டை

1

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. இலங்கையின் கிழக்குக் கரையில், நம் சாய்ந்தமருதில், இந்த மாதம் இறந்தவர்களுக்காக வீட்டுக்கு வீடு கத்தம் ஓதியிருப்பீர்கள். நான் நெதர்லாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியோடு நின்று இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நான்கரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர்.

நினைவு நாள் வந்தால் புலம்பெயர்ந்தவன் நாலு பக்கம் எழுதுவது வழக்கம்தான். இம்முறை நான் எழுதுவது அதற்காக இல்லை. கடந்த எட்டு மாதத்தில் எனக்குத் தெரியவந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கே பிறசர் ஏறிவிடும் போலிருக்கிறது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த என் மூத்த சகோதரனை, என் காக்காவை, நாலு வருடத்துக்கு மேலாக நானே நோயாளியாக்கி வைத்திருந்திருக்கிறேன். அதுவும் பாசத்தோடு, பொதி கட்டி, தபாலில் அனுப்பி.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் பொஞ்சாதியையும் மூன்று வயது மகள் ஹப்ஸாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, என் சான்றிதழுக்கு நிகரானது இந்த நாட்டில் இல்லை என்று ஒரு கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு முத்திரை வைக்க ஒரு கந்தோர், முத்திரை சரிதானா என்று பார்க்க இன்னொரு கந்தோர். கந்தோர் என்ற சொல்லே இவர்களுடையதுதான். ஒல்லாந்தர் நம் கரையை ஆண்டபோது போட்டுவிட்டுப் போன சொல். லாச்சியும் அப்படியே. முதல் நாள் ஒரு பெண் மேசையின் இழுப்பறையைக் காட்டி லாச்சியைத் திறக்கச் சொன்னபோது, உம்மா கூப்பிட்டதுபோல் இருந்தது எனக்கு.

அந்த இரண்டு சொல்லோடு என் அதிர்ஷ்டம் முடிந்தது. குடியேறியவர்களுக்கான பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. சோறு என்று எழுதினேன். ஒரு கோப்பியும் ஒரேயொரு பிஸ்கட்டும் என்பதுதான் விடையாம். மூன்றாம் தரம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிஸ்கட் என்று எழுதிப் பாஸானேன். பிறகு போத்தல் கழுவி, தரை துடைத்து, கடைசியில் இந்த ஆய்வுப் பிரிவில் மேலங்கி போட்டுக்கொண்டேன்.

எங்கள் பிரிவு ஒரே ஒரு கேள்வியைத்தான் போட்டுக் குடைகிறது. பிறசர், அதாவது இரத்த அழுத்தம், உள்ளவர்களில் யாருக்கு அது அட்ரினல் சுரப்பியால் வருகிறது? ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து வருகிற அல்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன், உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும். சுரப்பியில் ஒரு சிறு கட்டி வந்து அந்தக் கட்டளை அளவுக்கு மிஞ்சிப்போனால், உடம்பில் உப்பும் தண்ணீரும் தேங்கும், பிறசர் ஏறும், இன்னொரு உப்பாகிய பொட்டாசியம் வீணாய் வெளியே போகும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. கவலையால் வந்தது, வயதால் வந்தது என்று சொல்லிச் சொல்லியே மாத்திரை விழுங்குவார்கள். கட்டியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சுகம்.

சோதனைக்கு வருகிறவரின் இரத்தத்தை எடுப்பதற்கு முன், அவரைக் கதிரையில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஒரு படிவத்தை வாசித்துக் கேள்வி கேட்பேன். பதினோராவது கேள்வி: ட்ரொப் சாப்பிடுவீர்களா, எவ்வளவு?

ட்ரொப் என்பது இந்த நாட்டுக்காரரின் கறுப்பு மிட்டாய். இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. நம்மூர்ப் பெரியவர்கள் மடியில் வெற்றிலை வைத்திருப்பதுபோல் இவர்கள் சட்டைப்பையில் அதை வைத்திருப்பார்கள். நான் அதை வாயில் வைத்ததே கிடையாது. மிட்டாயை இறுக்கமாக்கச் சேர்க்கும் ஜெலட்டின் பன்றியிலிருந்து வருவது என்று வந்த வாரமே யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன்: ட்ரொப் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. பிறசர் ஆராய்ச்சியில் அதை ஏன் கேட்கிறார்கள் என்றால், உப்பு ட்ரொப்பில் உப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் இவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைப்பார்களே. ஆறு வருடமாக அந்தக் கேள்வியைக் கிளிப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

3

காக்கா கடற்கரைப் பள்ளிவாசலில் மோதினார். ஐந்து நேரமும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது அவர் பொறுப்பு. கரண்ட் போன நாளிலும் அவருடைய விடியற்காலைச் சுபஹ் பாங்கு பிரதான வீதிவரை கேட்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய பெருமை.

கடல் வந்த அந்த ஞாயிறு காலையில் அவருடைய மகள் றிஸ்னா கடற்கரைப் பக்கத்து மத்ரஸாவுக்கு ஓதப் போயிருந்தாள். ஒன்பது வயது. என் ஹப்ஸாவும் அவளும் ஒரே நோன்பு மாதத்தில் பிறந்தவர்கள். கடல் எழும்பியதைக் கண்டு காக்கா பள்ளியிலிருந்து மத்ரஸாவை நோக்கி ஓடியிருக்கிறார். பாதி வழியில் தண்ணீர் அவரை வாரிக்கொண்டு போய் ஒரு வீட்டு வளவுக்குள் எறிந்தது. சேறும் உப்புமாய்க் குடித்து, பிழைத்துக்கொண்டார். றிஸ்னா கிடைக்கவில்லை. மையித்தாகக்கூட, வெறும் உடலாகக்கூடக் கிடைக்கவில்லை. நான் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு ஒரு போன்கோல்கூடக் கிடைக்கவில்லை.

அகதிக் கூடாரத்திலிருந்து முதன்முதலாகப் பேசியபோது காக்காவின் குரல் அவர் குரலாக இல்லை. கரகரவென்று, பாதிச் சொல் காற்றாகப் போனது. "பாங்கு சொல்ல ஏலாமக் கிடக்கு தம்பி" என்று மட்டும்தான் முறையிட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியார் ஒருவர், அதிமதுரத் துண்டைக் கடைவாயில் அடக்கிச் சாற்றை விழுங்கச் சொன்னார். பாட்டுக்காரர், ஓதுகிறவர், மேடைப் பேச்சாளர் எல்லோரும் செய்வதுதான். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் கடை கண்ணியெல்லாம் கடலோடு போன அந்த நாளில் நல்ல அதிமதுரம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் உளுத்துப்போனது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை, இங்கே சந்தையில், மசாலாக் கடையில் மஞ்சள் நிறக் குச்சிகளைக் கட்டுக் கட்டாய்க் கண்டேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். அசல் அதிமதுரம், விரல் பருமன், ஊரில் காணாத தரம். இவர்கள் பாஷையில் அதற்கு இனிப்புக்கட்டை என்று பெயர். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஊரே அழிந்தபோது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவனுக்குச் செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

தபால் கந்தோரில் பொதிக்குள் என்ன என்று படிவம் நிரப்ப வேண்டும். மரம் என்று எழுதினேன். மரம், செடி அனுப்ப முடியாது என்றாள் அங்கிருந்தவள். பிறகு இரக்கப்பட்டு, "இனிப்பு என்று எழுதுங்கள், எல்லாரும் ட்ரொப்தான் அனுப்புகிறார்கள்" என்றாள். சின்னப் பொய்தானே என்று நினைத்து எழுதினேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டு, நாலு வருடத்துக்கு மேல்.

காக்கா ஒரு துண்டை எடுத்தால் அது சக்கையாகும்வரை விடமாட்டார். நாளுக்கு ஏழெட்டுத் துண்டு. பாங்குக்கு முன்னும் பின்னும், உறங்கும்போதும் கடைவாயில் ஒன்று. ஒரு வருடத்துக்குள் அவருக்குப் பிறசர் வந்தது. கிளினிக்கில் டொக்டர் மாத்திரை எழுதினார். அடுத்த வருடம் இரண்டாவது மாத்திரை, அதற்கடுத்து மூன்றாவது. என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று அங்கே கேட்பார்களாம், காக்கா மாத்திரையை மட்டும் காட்டுவார். கட்டை மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. அது குரலுக்கு.

ஏன் பிறசர் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளையைக் கடல் கொண்டுபோன தகப்பனுக்குப் பிறசர் வராமல் யாருக்கு வரும்? ஊரும் அதைத்தான் சொன்னது, டொக்டரும் அதைத்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

4

இலங்கையில் யுத்தம் முடிந்த இந்த வருட மே மாதம், வேலைத்தலச் சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவன் ஒருவன் எழுந்துவந்து என் கையைக் குலுக்கி, "உங்கள் யுத்தம் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துக்கள்" என்றான். எனக்கு நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் எல்லோரும் பத்திரமா என்று கேட்க வெளியே வந்து போன் போட்டேன். எடுத்தது மச்சி, காக்காவின் மனைவி. யுத்தத்தைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை.

"உங்கட காக்கா பகல் லுஹர் தொழுகையில ஸுஜூதுக்குக் குனிஞ்சவரு எழும்பல்ல தம்பி" என்று அழுதா. "பின்னால நிண்ட ஆக்கள் துஆக் கேக்கிறாரு எண்டு நெனச்சி இரிந்திரிக்காங்க. கிட்டப் போய்ப் பாத்தா அறிவு நல்லா இரிக்கி, கதைக்கிறாரு. காலும் கையும் மட்டும் ஏலா. நெத்திய நெலத்துல இருந்து எடுக்க ஏலல்ல எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறாரு."

நாலு பேர் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று சேலைனில் அதைக் கலந்து ஏற்றினார்களாம். இரண்டு நாளில் கால் கை திரும்பிவிட்டது.

பொட்டாசியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பிறசர் கூட, பொட்டாசியம் குறைவு. இது என்னுடைய வேலை. நான் தினமும் குழாய் குழாயாய்த் தேடுகிற நோய் என் காக்காவுக்கே இருக்கிறது! அடுத்த நாளே அவருக்குப் போன் போட்டு வகுப்பு எடுத்தேன்.

"காக்கா, இது யோசினையால வந்த பிறசர் இல்ல. சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இரிக்கி, அதுல கட்டி இரிக்கும். எடுத்தா சுகம்."

"நீ அங்க ரத்தத்துக்குப் பேர் ஒட்டுறவன்டா. டொக்டர் இல்ல."

"ஆறு வருசமா இதுலதானே ஊறிக் கிடக்கன்."

"என்ட நோய் எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "அது றிஸ்னா."

"நோயெல்லாம் ஆள்ர பேர் வெச்சிக்கிட்டு வாறதில்ல காக்கா" என்றேன். அறிவாளி இல்லையா, அப்படித்தான் பேச வரும். உன் இஷ்டம் என்றார் அவர்.

5

மச்சி அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போனா. ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கச் சுரப்பியில் சின்னக் கட்டி! நான் ஆய்வுகூடத்தில் ஆளுக்கு ஆள் சொல்லித் திரிந்தேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நோயைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் நாள் குறித்தார். காக்கா பயந்தார். கத்தி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். நான்தான் தினமும் போன் போட்டுத் தைரியம் சொன்னேன்.

ஹோர்மோன் சோதனைக்காக எடுத்த இரத்தம் வெளிநாடு போய்வர நாளாகிவிட்டது. நோன்பின் கடைசிப் பத்து நாளில் அறிக்கை வந்தது. மச்சி கொமினிகேஷன் கடையில் கொடுத்து எனக்குப் பெக்ஸில் அனுப்பிவைத்தா. அல்டோஸ்டிரோன் கூடி இருக்க வேண்டும். அறிக்கையில் அது இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைந்து கிடந்தது. தாளைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கிறேனோ என்றுகூடப் பார்த்தேன்.

எங்கள் தலைமை டொக்டர் நெட்டைப் பெண், கண்டிப்பானவள். அறிக்கையை அவளிடம் நீட்டினேன்.

"கட்டி சும்மா கிடக்கிறது, ஹோர்மோன் சுரக்கவில்லை" என்றாள். "வயது போகப் போக இப்படிப் பலருக்கு இருக்கும். இதை வெட்டி எடுப்பதால் ஒரு பயனும் இல்லை."

"அப்படியானால் பொட்டாசியம் ஏன் இறங்கியது?"

"ஹோர்மோன் இல்லாமலேயே ஹோர்மோனின் வேலை நடக்கிறது. உங்கள் சகோதரர் ட்ரொப் சாப்பிடுவாரா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர்" என்றேன். "பன்றி ஜெலட்டின் போட்ட மிட்டாயைத் தொடமாட்டார். நாங்கள் யாரும் தொடமாட்டோம்."

"நான் ஜெலட்டினைப் பற்றிக் கேட்கவில்லை..." என்று அவள் தொடங்கினாள். மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டு வந்தேன். சத்திரசிகிச்சைக்குப் பத்து நாள் இருந்தது.

6

அன்று நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது பொஞ்சாதியிடம் பொரிந்து தள்ளினேன். "காக்கா ட்ரொப் சாப்பிடுவாரா எண்டு கேக்கிறாள். மோதினார்ர வாயில ட்ரொப்பாம்!"

ஹப்ஸா கரண்டியைக் கீழே வைத்தாள். பதினாலு வயது. எங்களோடு பேசுவது குறைந்துபோய் இரண்டு வருடம் இருக்கும். பேசினாலும் இந்த நாட்டுப் பாஷையில்தான், நான் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். அன்று அவளாகத் தமிழைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"வாப்பா, ட்ரொப் அந்தக் கட்டையிலதான் செய்றது."

"எந்தக் கட்டை?"

"நீங்க பெரிய வாப்பாக்கு அனுப்புற கட்டை. ருசி ஒண்டுதான்."

"உனக்கு எப்பிடி ருசி தெரியும்?"

பொஞ்சாதி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டா. ஹப்ஸா எழுந்துபோய்ப் பள்ளிக்கூடப் பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏழு வயதிலிருந்து சாப்பிடுகிறாளாம். வகுப்பில் டீச்சர் கட்டையைக் கொடுத்துச் சப்பச் சொல்லி, ட்ரொப் இதிலிருந்துதான் வருகிறது என்று காட்டினாளாம். இந்த நாட்டில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"ஜெலட்டின் இல்லாதது வாப்பா. பின்னுக்கு வாசிச்சுப் பாத்துத்தான் வாங்குவன். சத்தியமா."

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இனிப்புக்கட்டைச் சாறு என்று போட்டிருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இத்தனை வருடம் ஹராம் என்று விலக்கிவைத்த பொருள். முதல் உமிழ்நீரிலேயே தெரிந்துவிட்டது. அதிமதுரம்.

நான் கதிரையில் இருந்தபடி இருந்தேன். ஆறு வருடம் நானே வாயால் வாசித்த பதினோராவது கேள்வி. நாலு வருடம் என் கையாலேயே இனிப்பு என்று எழுதிய படிவம். ஆட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார்கள் என்பார்களே, நான் தேடியது மட்டுமில்லை, அந்த ஆட்டுக்காகக் காக்காவின் வயிற்றைக் கிழிக்க நாளும் குறித்துவிட்டேன். ஹப்ஸா அடி விழும் என்று நினைத்தவள்போல் ஒதுங்கி நின்றாள். அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை.

7

அடுத்த நாள் விடிந்ததும் தலைமை டொக்டரின் கதவில் போய் நின்று, நேற்று நீங்கள் சொல்ல வந்த மிச்சத்தைச் சொல்லுங்கள் என்றேன். பெரிய மனுஷி, கதவு சாத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொன்னதைத்தான் காக்காவுக்கு நம் வயல் பாஷையில் மாற்றிச் சொன்னேன்.

"காக்கா, அந்தச் சுரப்பியில இருந்து கோர்ட்டிசோல் எண்டு இன்னொரு ஹோர்மோனும் வருது. அதுவும் மடையத் திறந்து உப்ப உள்ளுக்கு விடக்கூடியதுதான். ஆனா சிறுநீரகத்துல வட்ட விதானை மாதிரி ஒரு காவல்காரன் இரிக்கான். ஆர்ர வயலுக்குத் தண்ணி போகணும் எண்டு வட்ட விதானை பாக்கிற மாதிரி, அவன் அந்தக் கோர்ட்டிசோல மடைக்குக் கிட்ட விடமாட்டான். அதிமதுரம் அந்தக் காவல்காரன உறங்க வெக்கிது. அவன் உறங்கினா மடை தெறந்து கிடக்கும். உப்பு தேங்கி, பிறசர் ஏறி, பொட்டாசியம் போகுது."

"அப்ப கட்டையா?"

"ஓம் காக்கா."

"நீ அனுப்பினதா?"

"ஓம்."

நான் அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயதுக் கழுதை, ஆய்வுகூட நடையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

"நீ என்ன, தெரிஞ்சா செய்தாய்?" என்று அவர் என்னைத் தேற்றினார். "அல்லாஹ்ட காவல். கத்தி இல்லாமப் போச்சில்ல. அழாத."

அன்றோடு கட்டையை நிறுத்தினார். கொழும்பு டொக்டரும் அறிக்கையைப் பார்த்து, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார். மாதத்துக்கு ஒன்றாக அந்த மாத்திரைகளையும் நிறுத்திக்கொண்டு வந்தார்கள். நவம்பரில் கிளினிக் கொப்பியில் பிறசர் சரி என்று எழுதினார்கள், பொட்டாசியமும் சரி. கட்டை இல்லாமல் குரல் திரும்பவும் கரகரத்துவிட்டது. பாங்கை வேறு ஒருவரிடம் கொடுத்தார். போனால் போகட்டும், ஆள் தப்பிவிட்டார் என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். நான் மறுபடியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

8

நினைவு நாளுக்கு அடுத்த நாள், இங்கே ஞாயிறு பகல். மச்சியிடமிருந்து போன்.

"கிளினிக்குல பாத்தா பிறசர் பழையபடி ஏறிக் கிடக்கு தம்பி. காலும் வீங்கிட்டு. வீட்ட வந்து உடுப்புத் துவைக்க எடுத்தா, தொழுகுற சேட்டுப் பைக்குள்ள கட்ட. நான் எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டன் எண்டு இரிக்கன். ஒரு கட்டு முழுசா ஒளிச்சி வெச்சிருந்திருக்காரு. கேட்டா வாய் தெறக்கிறாரு இல்ல. நீங்க கேளுங்க."

காக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் சத்தமாய்ப் போட்டு மேசையில் வைத்தேன். ஹப்ஸா அந்தப் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காக்கா, மச்சி சொல்றது மெய்யா?"

"ஓம்."

"பாங்குக்காகவா?"

"பாங்கத்தான் குடுத்துட்டனே."

"பின்ன என்னத்துக்கு? அது உங்களக் கொல்லும் எண்டு தெரியும்தானே!" நான் கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. குரல்தான் ஒவ்வொரு சொல்லாய் உரசிக்கொண்டு வந்தது.

"போன மாசம் கிளினிக்குல அந்த டொக்டர்ப் புள்ள கொப்பியில எழுதிட்டு, 'உங்களுக்கு இப்ப ஒண்டுமில்ல வாப்பா' எண்டு சிரிச்சா. ஒண்டுமில்லியாம். வீட்ட வந்து படுத்தன். நல்லா உறங்கிட்டன் தம்பி, சுபஹுக்குத்தான் கண் முழிச்சன். எனக்கு வெக்கமாப் போச்சி. புள்ளையக் கடலுக்குக் குடுத்தவன் இப்பிடி உறங்குவானா? அவட மையித்தையும் நான் காணல்ல. கப்று எண்டு போய் நிக்கவும் ஒரு எடம் இல்ல. தல இடிச்சி நெஞ்சி படபடக்கக்குள்ள, இது அவதான், எனக்குள்ள அவ இரிக்கா எண்டு நெனச்சித்தான் அஞ்சி வருசம் கிடந்தன். நீ வந்து அது கட்ட எண்டு சொல்லிட்டாய்."

நோயெல்லாம் ஆளின் பெயர் வைத்துக்கொண்டு வருவதில்லை என்று சொன்னவன் நான். அவர் மகளுக்காக வைத்திருந்த ஒரே இடத்தையும் பறித்துவிட்டு, அதற்கு மாலையும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்த படிப்பில், பார்த்த வேலையில், அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கவில்லை.

ஹப்ஸா கை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பெரிய வாப்பா, நான் ஹப்ஸா."

"ஆ... புள்ள."

"இப்ப வாயில இருக்கா?"

அவள் மறுபடியும் கேட்டாள்.

"இருக்கா?"

"ஓம் புள்ள."

"துப்புங்க."

மச்சி அழுவது தூரத்தில் கேட்டது.

"துப்புங்க பெரிய வாப்பா. நான் கேட்டுக்கொண்டு இருக்கன்."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் துப்பினார். தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்தார். அதோடு போனை வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். அவள் வைக்கவில்லை. பேனையைக் கீழே போட்டுவிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டு கேட்டாள்:

"றிஸ்னாவ எனக்கு ஞாபகம் இல்ல பெரிய வாப்பா. நான் சின்னன்ல வந்துட்டன். அவ எப்பிடி? சொல்லுங்க."

ஐந்து வருடத்தில் நாங்கள் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. காக்கா தொண்டையைச் செருமினார். ஒரு தரம் தொடங்கினார், குரல் வரவில்லை. இன்னொரு தரம் செருமினார்.

"அவ செருப்பே போடமாட்டா புள்ள" என்றார். "எத்தின சோடி வாங்கிக் குடுத்தும் போடமாட்டா."